கர்னலுக்கு என்ன விகுதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அது இன்னும் என் போனில் இருக்கிறது. நான் அனுப்பிய வாய்ஸ் நோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 6:52 என்று போட்டிருக்கும். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. என்றைக்காவது எனக்குத் தன்னம்பிக்கை அதிகமாகிவிட்டால் எடுத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

அதன் முதல் வாக்கியம் இதுதான்: "கர்னல் போயிட்டார்மா."

நான் விக்ரோலியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போர்வெல் தண்ணீரில் எந்த உப்பு எந்தப் பருவத்தில் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. அதற்காகக் கல்யாணமான புதிதில் ஃபோர்ட்ரானில் ஒரு புரோகிராம் எழுதினேன். அது என் மகனைவிட ஒரு வயது பெரியது. அவனைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கும். சென்ற வருடம் பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, இனிமேல் எல்லாம் பைதானில்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது.

மொழி கஷ்டமாக இல்லை. மொழியை எதில் எழுதுவது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் இந்தக் கேள்வியே கிடையாது. ஒரு கறுப்புத் திரை இருக்கும், அதில் எழுதுவோம், ஓடும் அல்லது ஓடாது. இப்போதோ எழுதுவதற்கு ஒரு கருவி, ஓட்டுவதற்கு ஒரு கருவி, வேண்டியதை இறக்கிக்கொள்ள ஒரு கருவி, இறக்கியவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் தனித்தனி அறையில் வைத்துப் பூட்ட இன்னொரு கருவி. எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். எல்லாரும் மற்றவர் சொன்னதைக் கேட்டு லேசாகச் சிரித்தார்கள்.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய மூட்டை இருக்கிறது, அதை அப்படியே இறக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். பெங்களூரில் இருக்கும் என் மகன், மூட்டை எல்லாம் கூடாது, நல்ல எடிட்டர் ஒன்று போதும் என்றான்.

"டார்க் தீம் வச்சுக்கோம்மா. கண்ணுக்கு நல்லது."

"டார்க்கா வச்சா எழுத்தே தெரியலையேடா."

"அப்போ கண்ணாடியை மாத்து."

பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், கேட்காமலே தன் கருத்தைச் சொன்னார். "எக்செல்ல முடியாதது லோகத்துல என்ன இருக்கு?"

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவள் கர்னலின் மகள்.

கர்னல் என்பவர் செம்பூர் திலக் நகரில் எங்கள் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, தனியாக இருக்கிறார். மகள் புனேயில் வானிலைக் கணக்கு போடுகிற வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு அப்பாவைப் பார்க்க வந்தவள், என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேன்குழலை ஒடித்துத் தின்றுகொண்டே என் புலம்பல் முழுவதையும் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஒங்களுக்கு நோட்புக் போதும்."

அவளே போட்டும் கொடுத்தாள். ஒரு பக்கம் திறக்கும். அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் நாலு வரி எழுதி அமுக்கினால் விடை அதற்குக் கீழேயே வந்துவிடும். சரியாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பள்ளிக்கூட ரஃப் நோட்டில் கணக்கு போடுவது போலவே இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

"பின்னாடி ஒக்காந்துண்டு கணக்கு போடறது பாருங்கோ, அதுக்குப் பேர் கர்னல்" என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதினால் அதற்கும் ராணுவ கர்னலுக்கும் எழுத்து வேறு. காதுக்கு வேறில்லை. தமிழில் எழுதினாலும் இந்தியில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுதான்.

"அது அப்பப்போ செத்துடும் ஆன்ட்டி. பயப்படாதீங்கோ. திருப்பி ஸ்டார்ட் பண்ணினா வந்துடும்."

விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லும் வழக்கமில்லை. "போயிடும்னு சொல்லேன்" என்றேன்.

சிரித்தாள். "சரி, போயிடும்."

அன்றைக்கு மாலை பையோடு லிஃப்டில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவை ஒரு கண் பாத்துக்கோங்கோ ஆன்ட்டி. ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம்கூட ஆகலை. வெளியில போனா போனை எடுத்துண்டு போக மாட்டேங்கறார். ஏதாவதுன்னா எத்தனை மணியானாலும் ஒடனே சொல்லுங்கோ." லிஃப்ட் கதவு மூடிய பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நோட்புக்ல டவுட்னாலும்தான்."

இரண்டுக்கும் ஒரே அனுமதி. அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது விகுதி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டிடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கர்னல் வந்தார், கர்னல் போனார், கர்னல் பேப்பர் எடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல்லை எடுத்தாலே என் நாக்கு தானாக 'ஆர்' போட்டுவிடும். நோட்புக் வந்த புதிதில் கவனமாகத்தான் இருந்தேன். ஒருநாள் லிஃப்ட் வாசலில் மகனிடம் போனில், "கர்னல் காலையிலேர்ந்து ஓடிண்டே இருக்குடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கர்னல் நிற்கிறார்.

"நான் எங்கம்மா ஓடறேன்" என்றார். "முழங்கால் விடமாட்டேங்கறதே."

நான் விளக்கிச் சொன்னேன். அவர் பெரிதாகத் தலையாட்டினார். ஆனால் அவரை 'அது' என்று சொல்லிவிட்ட கூச்சம் எனக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு கர்னலுக்கும் 'ஆர்' போட ஆரம்பித்தேன். மரியாதை கூடினால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீடு எழுந்திருப்பதற்குள் கணக்கை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசில் காட்ட வேண்டும். அன்று கட்டிடத்தில் வைஃபை வேலை செய்யவில்லை, அதனால் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட் எடுத்திருந்தேன். அதுவரை வருடம் வருடமாகத்தான் போர்வெல் எண்களை ஏற்றிப் பார்த்திருந்தேன். அன்று அவசரத்தில் பதினேழு வருடத்தையும் ஒரே கட்டத்தில் ஏற்றி அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. தமிழில் சொன்னால்: கர்னல் இறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தானாகவே மீண்டும் தொடங்கும்.

தொடங்கவில்லை. நானே இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதே பெட்டி.

வாய்ஸ் நோட்டை எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு என் மகன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் அனுப்புவதை அவன் முழுதாகக் கேட்பதே இல்லை. "அம்மா, சாப்டியா தூங்கினியா எல்லாம் அப்புறம். மொதல் அஞ்சு செகண்ட்ல விஷயத்தைச் சொல்லிடு." அவன் பேச்சைக் கேட்டு, முன்னுரை எதுவும் வைக்காமல், புனேக்குப் பேசினேன். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"கர்னல் போயிட்டார்மா. ரெண்டு தடவை எழுப்பிப் பாத்தேன், எழுந்துக்கலை. நேத்து சாயங்காலம்கூட நன்னாத்தான் இருந்தார். எல்லா பாரத்தையும் ஒரே நேரத்துல அவர் தலையில வச்சுட்டேன்னு நினைக்கறேன், என் தப்புதான். நீ ஒழிஞ்சபோது பாரு, அவசரமில்லை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு."

கடைசி வாக்கியம் வரும்போது இன்றும் போனைத் தூர வைத்துவிடுவேன்.

நோட்டை அனுப்பியதும், நோட்புக்கே சரியில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆபீஸ்காரர் சொன்ன பெரிய மூட்டையை இறக்கிப் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். நடுவில் போனை எடுத்துப் பேசினால் டவுன்லோடு அறுந்துவிடும் என்று, மணி அடிக்காதபடி போனை வாயடைத்து, கவிழ்த்து வைத்தேன். பிறகு குளித்தேன். கோலம் போட்டேன். உப்புமாவுக்கு ரவை வறுக்க ஆரம்பித்தேன். அப்படியாக ஒரு மணி நேரத்துக்கு மேல், நான் செய்தது என்னவென்று தெரியாமல் நிம்மதியாக இருந்தேன்.

எட்டு மணிக்கு என் கணவர் போனைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கர்னல் போயிட்டாராமே."

"தெரியும்" என்றேன். "நான்தான் மொதல்ல பாத்தேன்."

"நீயா? எப்போ?"

"ஆறே முக்கால் இருக்கும். ரெண்டு தடவை எழுப்பினேன்."

"என்னை ஏண்டி கூப்பிடலை?"

"ஒங்களைக் கூப்ட்டு என்ன ஆகப்போறது? ஒங்களுக்கு எக்செல்தான் தெரியும்."

அவர் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார். பிறகு மெதுவாக, "எப்படி ஆச்சு?" என்றார்.

"பதினேழு வருஷத்தையும் ஒரே மூச்சுல ஏத்தினேன். தாங்கலை. ஒரு வார்த்தை சொல்லலை, அப்படியே நின்னுட்டார்."

"எதை ஏத்தினே?"

"எல்லாம் நம்ம போர்வெல்தான்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"அவளுக்குத்தான் மொதல்ல சொன்னேன். அவதானே கொண்டுவந்து வச்சா."

"அழுதாளா?"

"எதுக்கு அழணும்? அவ ஆபீஸ்ல தினம் நாலு போறதாம். பழகிப்போச்சுன்னு அவளே சொன்னா."

"சரி" என்றார், நோயாளியிடம் பேசுகிற குரலில். "பாடி இப்போ எங்க இருக்கு?"

"எந்த பாடி?"

அவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சொசைட்டி குரூப்பில் செக்ரட்டரி போட்டிருந்த படம். சீருடையில் கர்னல், சுற்றிலும் பூ பார்டர். அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின.

நான் அடுப்பை அணைத்தேன். அணைத்தேன் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் வந்து அணைத்தாராம்.

என் போனை நிமிர்த்தினேன். கர்னலின் மகளிடமிருந்து இருபத்தெட்டு அழைப்புகள். எல்லாம் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: "பஸ்ல ஏறிட்டேன் ஆன்ட்டி. அப்பாவைத் தனியா விடாதீங்கோ."

திரும்ப அழைத்தேன். போன் அணைந்திருப்பதாக முதலில் மராத்தியில் சொன்னது, பிறகு இந்தியில், பிறகு ஆங்கிலத்தில். இருபத்தெட்டு தடவை எனக்கு அடித்தே சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். எந்த பஸ் என்று தெரியாது. புனேயிலிருந்து செம்பூர் வர நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பா இல்லை என்று நினைத்துக்கொண்டு வரப்போகிறாள். அவளை அப்படி உட்கார வைத்தவள் நான். என் மகன் இப்படி ஒரு நோட்டைக் கேட்டுவிட்டு பெங்களூரில் பஸ் ஏறினால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. செருப்பில்லாமல் படியில் இறங்கினேன்.

இரண்டாவது மாடியில் கர்னல் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் எடுக்காததால் அந்தப் பெண் செக்ரட்டரியை அழைத்திருக்கிறாள். அவர் மணி அடித்துப் பார்த்து, பதிலில்லாமல் சாவிக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்துவிட்டார். உள்ளே படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. போன் மேஜைமேல் இருந்தது. கர்னல் இல்லை. யாரோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று செக்ரட்டரி முடிவு செய்திருந்தார்.

அவர் மராட்டிக்காரர், பதவிசானவர். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "பாபி, பாடி கஹாங் ஹை?" என்று என் கணவர் கேட்டதையே கேட்டார்.

நான் இந்தியில் சொன்னேன். கர்னல் சாப் உயிரோடு இருக்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், செத்தது வேறு கர்னல்.

"தூஸ்ரா கவுன்?" என்றார். இந்த சொசைட்டியில் ஒரு கர்னல்தானே.

"கம்ப்யூட்டர்வாலா."

அவர் என்னை வெகு பரிவாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கர்னலின் குடத்திலிருந்தே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, "பீஜியே பாபி" என்று கையில் கொடுத்தார்.

அங்கேயே நின்றபடி குரூப்பில் எழுதினேன்: கர்னல் நலமாக இருக்கிறார், தவறு என்னுடையது. அதற்கு மேலேயும் கீழேயும் கைகூப்பிய படங்கள் வந்துகொண்டே இருந்தன. நாலாவது மாடியிலிருந்து ஒருவர் என் செய்தியையே பிடித்து இழுத்து, அதற்குப் பதிலாக ஓம் சாந்தி என்று போட்டார்.

ஒன்பது மணிக்குள் கீழே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. தண்ணீர் கேன் வந்தது. முதல் மாடிக்காரர் ஸ்கூட்டரில் மாட்டுங்கா வரை போய், ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டார். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கர்னல் வந்துவிடுவார் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் என் தோளைத் தடவி, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்னல் எங்கே போவார் என்பது எனக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கிளம்பி, வடாலாவில் ரயில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, மாட்டுங்காவில் கோயிலுக்குப் போவார். பிறகு பொங்கல் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பி வருவார். ஒன்பதரை ஆயிற்று. வரவில்லை. ஒன்பதே முக்கால். நான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்பது போய், எனக்கே நம்பிக்கை குறைய ஆரம்பித்தது. எழுபத்துநாலு வயது, ஸ்டென்ட். நான் காலங்கார்த்தாலே வாயால் சொல்லிவிட்டேன். என் கணவரிடம் மெதுவாக, "நிஜமாவே ஏதாவது ஆயிருக்குமோ?" என்றேன்.

"நீ இன்னிக்கு வாயைத் திறக்காம இரு" என்றார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கர்னல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

நாற்காலிகளைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குனிந்துகொண்டார். முன்வரிசைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும்மா?" என்று என் காதருகே கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி எல்லாம் லேட். இல்லேன்னா முன்னாடியே வந்திருப்பேன்" என்றார். "பாடி எப்போ வர்றது?"

"மாமா" என்றேன். "நீங்கதான்."

"நான் என்ன?"

"போயிட்டேள்னு எல்லாரும்..."

அவர் யோசித்தார். "எத்தனை மணிக்கு?"

"ஆறு அம்பத்திரண்டு."

"அப்போ நான் வடாலால வண்டி மாறிண்டிருந்தேன்" என்றார், விசாரணையில் பதில் சொல்பவர் போல.

அதற்குள் செக்ரட்டரி பார்த்துவிட்டார். அதன் பிறகு ஐந்து நிமிடம் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. சிலர் கர்னலைத் தொட்டுப் பார்த்தார்கள். பூட்டு உடைந்ததைப் பற்றி யாரோ சொன்னார்கள். கர்னல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் நோட்புக்கிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னபோது, அன்று லிஃப்ட் வாசலில் ஆட்டியது போலவே தலையாட்டினார். மகள் பஸ்ஸில் வருகிறாள் என்று சொன்ன இடத்தில் தலை நின்றது.

"தனியாவா வர்றா?"

"ஆமாம்."

"அவ அம்மா போனப்பவும் இப்படித்தான் பஸ்ல தனியா வந்தா" என்றார்.

பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விடலாம் என்றார் என் கணவர். ஹைவேயில் இரண்டு மூன்று இடத்தில் நிற்கும், எங்கே இறங்குவாளோ, தவறிவிட்டால் இங்கே வந்து நிற்பாள் என்றார் செக்ரட்டரி. கர்னல் எழுந்தார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு உள்ளே, நேர் எதிரே போட்டார்.

"இங்கதான் ஒக்காரப்போறேன். ஆட்டோ நின்னவுடனே மொதல்ல என்னைத்தான் பாக்கணும். வேற யாரும் எதுவும் சொல்லக்கூடாது." என்னைப் பார்த்து, "முக்கியமா நீ" என்றார்.

மற்ற நாற்காலிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஆனால் வந்தவர்கள் போகவில்லை. டீ சொல்லியாகிவிட்டது, மகள் வருவதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மாலைதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அந்த மாதிரி மாலையை யார் வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. வாங்கி வந்தவரே தொட மறுத்தார். தரையில் போட்டால் மிதிபடும். கொஞ்ச நேரம் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கர்னல், "குடு இங்க, எனக்கு வந்ததுதானே" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

காத்திருந்தோம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் நம்பரை அடித்தேன். மூன்று பாஷையிலும் அணைந்திருந்தது. நான் கேட்டுக்கு வெளியே சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் எனக்குப் பின்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை. நாலரைக்கு எழுந்த மனிதர், நெய்ப் பொங்கல் சாப்பிட்டவர், முகத்தில் வெயில் வேறு.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். வீட்டு உடுப்பிலேயே, காலில் குளியலறைச் செருப்போடு இருந்தாள். அவள் பார்வை போன திசையில் நானும் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளை நாற்காலிகளில் இரண்டு பக்கமும் ஜனங்கள். நடுவில் ஒரு நாற்காலியில் கர்னல். கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் ரோஜா மாலை.

நான் ஓடினேன். பேசக்கூடாது என்பது மறந்துவிட்டது. "இல்லேம்மா, இல்லே. போனது கர்னல்தான். கர்னல் இல்லை."

சொல்லும்போதே என் காதில் விழுந்தது. இன்னும் நிதானமாகத் திருப்பிச் சொன்னேன். "கர்னல்தாம்மா போனார். கர்னல் போகலை." நிதானமாகச் சொன்னதால் ஒன்றும் தெளிவாகவில்லை. "நோட்புக்" என்றேன் கடைசியாக.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். யாரும் அசையவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு விரலை அப்பாவின் மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் பெட்டியின் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது, தானாகவே மீண்டும் தொடங்கும் என்பது. அதை ஜபம் போல உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கர்னல் ஒரு குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தில் அவரே கண் விழித்தார்.

"வந்துட்டியா?" என்றார். "பஸ்ல ஏதாவது சாப்ட்டியோ?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கர்னல் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார், நாங்கள் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்பது போல. யாரும் போகவில்லை. டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். கன்னத்தில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். நாலு மணி நேரம் அழுது குரல் போயிருந்தது.

"ஆன்ட்டி" என்றாள். "இனிமே அதை அதுன்னே சொல்லுங்கோ."